தண்ணி வந்தாச்சு

விதி பதினேழு இப்படிச் சொன்னது: "தீயணைப்புப் பயிற்சி வாரத்துக்கு ஒரு நாளாவது தண்ணீருடன் நடத்தப்பட வேண்டும். குழாயின் நிலை ஐயத்துக்குரியதாக இருந்தால், மாற்றுக் குழாய் வந்து சேரும்வரை தண்ணீர் இன்றியும் நடத்தலாம்." ஆங்கிலத்தில் இருந்ததை நான் தமிழில் தருகிறேன். மொழிபெயர்ப்பில் பிழை இல்லை. ஓய்வு பெற்றவன் நிதானமாக உட்கார்ந்து செய்தது. இதே விதியை முதல் தடவை ஜமேதாருக்குத் தமிழில் சொன்னபோது எனக்கு இருபத்தாறு வயது. அப்போது நிதானம் இல்லை. பி.ஏ. பட்டம் மட்டும் இருந்தது.

அது யுத்த காலம். சென்னையில் குண்டு விழப்போகிறது என்று பயந்து பெட்டி படுக்கையோடு ரயில் ஏறியவர்கள் பலர் விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கி வீடு தேடிக்கொண்டிருந்தார்கள். விழுப்புரத்தில் குண்டு விழாது என்பதற்கு என்ன ஆதாரம் என்று அவர்கள் யாரும் கேட்கவில்லை. அரசாங்கத்தில் யாரோ ஒருவர் கேட்டிருக்க வேண்டும். சின்ன ஊர்களுக்கென்று தற்காலிகத் தீயணைப்புப் படை ஒன்று முளைத்தது. யுத்தம் முடிந்ததும் முளைத்த வேகத்திலேயே மறைந்தும் போனது. பெயரைச் சொன்னாலும் இன்று யாருக்கும் தெரியாது என்பதால் சொல்லவில்லை. அதன் மேலலுவலகம் திண்டிவனத்தில். விழுப்புரத்தில் இருந்தது கிளை. ரயிலடிக்குப் போகும் சாலையில், முன்பு மாட்டுவண்டிகள் நிறுத்திவைத்த நீளமான ஓட்டுக் கொட்டகை. அதற்குள் இரண்டு சக்கரத்தின் மேல் பொருத்திய மோட்டார் பம்பு ஒன்று, ஏணி ஒன்று, வாளிகள், எட்டு ஆட்கள், அவர்களுக்கு ஒரு ஜமேதார், எல்லோருக்குமாகக் கடிதம் எழுத நான். அதிகாரி திண்டிவனத்தில் இருந்தார். ஆகவே விழுப்புரத்தில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் எவனோ அவன் வாயில் வருவதே விதி என்று ஆயிற்று.

ஜமேதார் என்பது அவருடைய பதவிப் பெயரே அல்ல. ஏட்டில் வேறு ஏதோ இருந்தது. முந்தைய யுத்தத்தில் மெசபடோமியாவில் பாலம் கட்டும் பட்டாளத்தோடு இருந்து வந்தவர் என்பதால் ஊர் அவரை அப்படி அழைத்தது. ஐம்பதைத் தாண்டியவர், குள்ளம். இடது காது கேட்காது. அதனால் யாரோடு பேசினாலும் வலது தோளை முன்னால் தள்ளி நிற்பார், சண்டைக்கு வருகிறவர் போல. தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பார். ஆங்கிலம் காதில் விழுந்தால் ஓரளவு புரியும். காகிதத்தில் கண்டால் ஒதுங்கிக்கொள்வார். விதிப்புத்தகத்தைத் தினமும் காலையில் துணியால் துடைத்து என் மேஜைமேல் வைப்பது அவர்தான். அதை அவர் திறந்து நான் பார்த்ததில்லை.

அவரிடம் வந்து சேர்ந்த எட்டுப் பேரும் அதுவரை கரும்பு வெட்டியவர்கள், நெல் மூட்டை தூக்கியவர்கள். அவர்களுக்கு அவர் பெயரால் அழைக்காமல் எண் கொடுத்தார். ஒன்றும் இரண்டும் குழாயின் பித்தளை முனையைப் பிடிப்பவர்கள். மூன்றும் நான்கும் சுருட்டிய குழாயை உருட்டிக்கொண்டு ஓடுபவர்கள். ஐந்து, குழாயோடு குழாயை மூட்டுகிறவர். ஆறு, பம்பிலிருந்து கிணற்றுக்குப் போகும் சக்ஷன் குழாயைப் பார்ப்பவர். அதன் நுனியில் இருக்கும் கம்பிவலைக் கூடை தண்ணீருக்குள் முழுகினால்தான் பம்பு உறிஞ்சும். ஏழு, பம்பு ஓட்டுபவர். எட்டு, ஏணி. ஆறாம் எண்காரர் காணையிலிருந்து வந்தவர். எண் போக அவருக்குக் 'காணைக்காரர்' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. கால் விளங்காத அப்பாவோடும் மனைவியோடும் மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்லும் வேர்க்கடலையின் மண்டிக்குப் பின்னாலிருந்த குடிசை வரிசையில் கடைசி வீட்டில் குடியிருந்தார். அதிகம் பேசமாட்டார். ஒரு வேலையை ஒருமுறை காட்டிவிட்டால் போதும், அதில் நூலளவும் பிசகமாட்டார்.

விடிந்ததும் ஓட்டம். பிறகு ஒருவரை ஒருவர் தோளில் போட்டுக்கொண்டு ஏணியில் இறங்குவது. கண்ணைக் கட்டிக்கொண்டு குழாய் மூட்டுவது. கொட்டகையின் கோடி அறையைச் சாத்தி, ஈர வைக்கோலைக் கொளுத்தி, புகைக்குள் தவழ்ந்து போய் மறுகோடியில் வைத்த செங்கல்லை எடுத்து வருவது. நிமிர்ந்து நடந்தவனை ஜமேதார் வெளியே இழுத்துப்போட்டு, "பொக மேல கீது, காத்து கீழ கீது. நீ எங்க மூஞ்ச வெச்சிக்கினு போன?" என்று கேட்பார். அவன் இருமி முடிக்கும்வரை காத்திருந்து மறுபடி அனுப்புவார். இவ்வளவும் விதிப்புத்தகத்தில் இருந்தது. அவர் புத்தகத்தைப் படிக்காமலே அதன்படி நடந்தார். நான் படித்துவிட்டு அவர் நடப்பது சரிதானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

குழாய்தான் தகராறு. சென்னைத் துறைமுகத்தின் ஏதோ கிடங்கில் பல மழைக்காலம் கிடந்துவிட்டு எங்களிடம் வந்த கான்வாஸ் குழாய் அது. கட்டை விரலால் அழுத்தினால் நூல் விலகி உள்ளே வெளிச்சம் தெரிந்தது. நான் திண்டிவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். முதல் பத்தியில், புதுக் குழாய் வேண்டும் என்று. இரண்டாம் பத்தியில், அது வரும்வரை பழைய குழாயில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பயிற்சி நடத்த அனுமதி வேண்டும் என்று. சுருக்கமாக எழுதுவதில் எனக்கு அப்போது பெருமை. குழாய்க்கு ஆங்கிலத்தில் 'ஹோஸ்' என்று பெயர். 'ஹோஸ், இருநூறு அடி' என்று எழுதினேன். முழங்கால்வரை இழுத்துவிடும் காலுறைக்கும் அதே பெயர்தான் என்பது எனக்குத் தெரியாததல்ல. நினைவுக்கு வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து வந்த கேள்வி இது: "தங்கள் கிளையில் ஆட்கள் எட்டுப் பேரே இருக்க, இருநூறு அடிகளுக்குக் காலுறை தேவைப்படுவதன் காரணத்தை விளக்கவும்." கடிதம் துணிப்பிரிவுக்குப் போயிருந்தது. அடி என்றதைப் பாதம் என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு முழு நாள் சிரித்தேன். ஜமேதாருக்கு விளக்கிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அப்ப நம்ம பேப்பரு வேற எங்கியோ பூட்டுதுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

எங்கேயோ போய்விட்ட காகிதம் திரும்பி வரும்வரை பயிற்சி தண்ணீர் இல்லாமல் நடந்தது. இல்லாத தண்ணீருக்குப் பதிலாக ஜமேதார் சொற்களை வைத்தார். அவர் "தண்ணி!" என்று கத்துவார். ஏழாம் எண் வலது கையை உயர்த்தி, "தண்ணி வந்தாச்சு!" என்று பதில் சொல்ல வேண்டும். உடனே ஒன்றும் இரண்டும் பித்தளை முனையை இறுகப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய வேண்டும். உண்மையில் தண்ணீர் வரும்போது அது ஆளைத் தள்ளும் என்பதற்காக அவர்கள் நெஞ்சில் தடியை வைத்து அழுத்திக் காட்டுவார். "தண்ணி வந்தா இது உசுரு வந்த பாம்புடா. புடி வுட்டா ஒன் பல்ல எடுத்துக்கினு பூடும்." சக்ஷன் குழாயையும் கிணற்றில் இறக்குவதில்லை. நனைந்தால் காய வைக்க வேண்டும். காயாமல் சுருட்டினால் உள்தோல் புழுத்துப்போகும். தரையில் போட்டால் கம்பிவலையில் மண் ஏறும். அதற்கு ஜமேதார் ஒரு வழி கண்டுபிடித்தார். கிணற்றங்கரையில் ஒரு கோணிப்பையை நான்காக மடித்துப் போட்டு, அதன்மேல் கூடையை வைக்க வேண்டும். மடிப்பு வெளிப்பக்கம் தெரியக் கூடாது. காணைக்காரர் அதை ஒரு பூசை போலச் செய்தார். ஓடி வருவார், கோணியை உதறுவார், மடிப்பார், வைப்பார், விறைப்பாக நிற்பார்.

கொட்டகைக்கு எதிரில் வறுத்த மல்லாட்டை விற்கும் அம்மாள் ஒருத்தி உண்டு. எங்கள் பயிற்சியின் ஒரே நிரந்தரப் பார்வையாளர் அவள்தான். "இன்னா ஜமேதாரே, இன்னிக்கும் காத்த ஊத்தித்தான் அணைக்கப் போறீங்களா?" என்பாள். "நீ பத்த வெய்யி யம்மா, அப்பறம் பாரு" என்பார் அவர். ஆட்கள் சிரிப்பார்கள். அவர் முகம் மட்டும் மேற்கே, மண்டி இருந்த பக்கம், திரும்பும். மாசி முடிந்துகொண்டிருந்தது. ஓலைக் கூரைகள் காய்ந்து சாம்பல் நிறமாகிவிட்டன. மண்டியில் மல்லாட்டைத் தோல் குவியல் ஒவ்வொரு நாளும் உயர்ந்துகொண்டிருந்தது.

பங்குனியின் முதல் வாரத்தில் ஒரு காலை, புத்தகத்தைத் துடைத்து வைத்துவிட்டு அவர் போகாமல் நின்றார். வலது தோள் முன்னால் வந்தது.

"சார், ஒரே ஒரு நாளுங்க. கெணத்துல சக்ஷன எறக்கி அஞ்சு நிமிசம் தண்ணி வுட்டுப் பாத்துடறேன். குழாயி கிழிஞ்சா கிழியட்டுங்க, கோணி சுத்திக் கட்டிக்கலாம். பசங்க ஒருவாட்டி நெசத் தண்ணியக் கையில புடிக்கணும். வாயிலியே தண்ணி வுட்டுக்கினு எத்தினி நாளிக்கிங்க?"

நான் புத்தகத்தைத் திறந்தேன். பதினேழாம் விதியின்மேல் விரலை வைத்தேன். தண்ணீர் இல்லாமல் நடத்தலாம் என்று அது சொன்னது. அலுவலக ஆங்கிலத்தில் பழகியவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. மேலிடம் 'செய்யலாம்' என்று எழுதினால் அது மரியாதைக்காக எழுதியது, பொருள் 'செய்ய வேண்டும்' என்பதே என்று எடுத்துக்கொள்வார்கள். வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களிலேயே எனக்கு அது தொற்றியிருந்தது. அதோடு, அனுமதி கேட்டுக் கடிதம் எழுதியவன் நான். கேட்ட அனுமதி வருவதற்குள் காரியத்தைச் செய்துவிட்டால் கேட்டவன் முட்டாளாகிவிடுவான்.

"தண்ணீர் இல்லாமத்தான் நடத்தணும்னு போட்டிருக்கு, ஜமேதார்" என்றேன். "உத்தரவு வரட்டும்."

"போட்டுக்கீதுங்களா?"

"போட்டிருக்கு."

"அப்ப சரிங்க" என்றார். என் விரல் இருந்த இடத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு பயிற்சிக்குப் போய்விட்டார்.

அவருடைய முகம் மனதில் உறுத்தியதாலோ என்னவோ அந்த வாரமே ரயிலேறித் திண்டிவனத்துக்குப் போனேன். துணிப்பிரிவின் குமாஸ்தா வயதானவர், நல்லவர், வெற்றிலை போட்டுக்கொண்டே பேசுவார். "எட்டு ஆளுக்குப் பதினாறு கால் தம்பி. இருநூறு எப்படி வரும்னு நானும் கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன்" என்றார். நான் கேட்டது காலுறை அல்ல, குழாய் என்றேன். "அப்ப குழாய்னு எழுதறதுக்கென்ன?" என்றார். எழுதியது குழாய்தான் என்றேன். அவர் என்னைப் பரிவோடு பார்த்தார். துணிப்பிரிவில் பதிவான கடிதம் இயந்திரப் பிரிவுக்குப் போக வேண்டுமானால், இது எங்களைச் சேர்ந்ததல்ல என்று துணிப்பிரிவின் மேலாளர் எழுதித் தர வேண்டும். மேலாளர் நீண்ட விடுப்பில் இருந்தார். இரண்டாம் பத்தியை மட்டுமாவது தனியே பிரித்து மேலே அனுப்ப முடியாதா என்று கேட்டேன். ஒரு கடிதத்தைப் பத்தி பத்தியாகப் பிரிக்க வழி இருக்கிறதா என்று அவர் என்னையே கேட்டார். இல்லை என்பது எனக்குத் தெரியும். அது எத்தனையாவது விதி என்பதும் தெரியும். சொன்னேன். "பார்த்தீரா" என்றார். மதிய வண்டிக்குத் திரும்பினேன்.

பங்குனிக் கடைசியில் அதிகாரி திண்டிவனத்திலிருந்து பார்வையிட வந்தார். ஆட்கள் பறந்தார்கள். குழாய் உருண்டது, மூட்டுகள் மாட்டின, கை உயர்ந்தது, "தண்ணி வந்தாச்சு!" என்ற குரல் ரயிலடிவரை கேட்டது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டினார். கிணற்றங்கரையில் நின்று கோணி மடிப்பைக் குனிந்து பார்த்தவர், மிக நேர்த்தி என்றார். அதைப் பார்வைக் குறிப்பிலும் எழுதினார். எழுதியதை நான் தமிழாக்கிச் சொன்னபோது காணைக்காரர் வெட்கத்தோடு தரையைப் பார்த்தார். தண்ணீர் விஷயத்தை நினைவூட்டினேன். காகிதம் நடந்துகொண்டிருக்கிறது என்றார்.

சித்திரையில் ஒரு நண்பகல், மண்டியில் தோல் குவியல் பற்றிக்கொண்டது.

மணி அடித்து அவர்கள் பம்பை இழுத்துக்கொண்டு ஓடிய வேகத்தை நான் பின்னால் ஓடியபடியே பார்த்தேன். அந்த வேகத்தை இன்றும் குறை சொல்ல முடியாது. என் கையில் பதிவேடு. தகவல் வந்த நேரம், போய்ச் சேர்ந்த நேரம், தண்ணீர் தொடங்கிய நேரம் என்று மூன்று கட்டங்கள். நிகழ்விடத்திலேயே நிரப்ப வேண்டும் என்பது விதி. மேலண்டைக் காற்று. குவியலுக்குக் கிழக்கே குடிசை வரிசை. முதல் இரண்டு கூரைகள் எரிந்துகொண்டிருந்தன. ஆனால் மண்டிக் கிணற்றிலிருந்து குடிசைகள்வரை பெண்களும் மூட்டை தூக்குகிறவர்களும் வரிசையாக நின்று, குடத்தையும் வாளியையும் கைமாற்றி, மூன்றாவது கூரையிலிருந்து நனைத்துக்கொண்டு வந்தார்கள். அது வேலை செய்துகொண்டிருந்தது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

இஞ்சின் வந்ததும் பொதுமக்கள் விலகி நிற்க வேண்டும் என்பது ஒன்பதாம் விதி. ஜமேதார் விசில் ஊதினார். வாளி வரிசை நின்றது. "இஞ்சினு வந்துட்டுது, ஒதுங்கு, ஒதுங்கு" என்று அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு நகர்ந்தார்கள். முகங்களில் அவ்வளவு நிம்மதி. காணைக்காரரின் மனைவியும் அந்த வரிசையில் இருந்தாள். கடைசிக் குடிசையில் கிடந்த கிழவரை, அவள் மாமனாரை, வெளியே தூக்கப் போன இரண்டு பேரை அவளே தடுத்தாளாம். கட்டிலோடு தூக்கினால் அவருக்கு உயிர் போகிற வலி. பிறகு அவள் சொன்னது: "அவரே கொழாயத் தூக்கிக்கினு ஓடியாறாரு. இனிமே எதுக்குக் கெழவரப் போட்டு அலக்கழிக்கணும்னு நெனச்சேன்."

குழாய் உருண்டது. மூட்டுகள் மாட்டின. பம்பு கிளம்பியது. ஏழாம் எண் கையை உயர்த்தி, "தண்ணி வந்தாச்சு!" என்று கத்தினார். நான் கடிகாரத்தைப் பார்த்து மூன்றாம் கட்டத்தில் நேரத்தை எழுதினேன். ஒன்றும் இரண்டும் பித்தளை முனையைப் பிடித்துக்கொண்டு, கற்ற மாதிரியே, பின்னால் சாய்ந்து நின்றார்கள். வராத தண்ணீரின் வேகத்தை இருவரும் தாங்கிக்கொண்டிருந்தார்கள்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று கேட்டால், என் கடிகாரத்தின்படி நான்கு நிமிடம். ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று விசாரணையில் கேட்டார்கள். தோன்றத்தான் செய்தது. தண்ணீர் வர இவ்வளவு நேரம் ஆகும் போலிருக்கிறது என்று தோன்றியது. பம்பின் சத்தம் கீச்சென்று மேலே மேலே ஏறியது. அது அப்படித்தான் சத்தம் போடும் போலிருக்கிறது என்று தோன்றியது. அதன் சரியான சத்தம் ஜமேதார் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் முனைக்காரர்களின் பக்கத்தில், பம்புக்கு இடது காதைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். மூன்றாவது கூரை பற்றியது. நான்காவது பற்றியது. அப்போதுதான் அவர் திரும்பித் தரையில் தட்டையாகக் கிடந்த குழாயைப் பார்த்தார். அதன் வழியாகவே கிணற்றுக்கு ஓடினார். நானும் ஓடினேன்.

கிணற்றங்கரையில் காணைக்காரர் விறைப்பாக நின்றிருந்தார். அவர் காலடியில் சக்ஷன் குழாயின் கூடை. மண்டியில் எவ்வளவோ கோணி இருந்தும் அந்த அவசரத்தில் அவர் கையில் ஒன்றும் அகப்படவில்லை. ஆகவே தோளில் கிடந்த துண்டை எடுத்து, உதறி, நான்காக மடித்து, மடிப்பு வெளியே தெரியாதபடி போட்டு, அதன்மேல் கூடையை வைத்திருந்தார். இரண்டு முழத்துக்குக் கீழே கிணற்றில் தண்ணீர் பளபளத்தது.

ஜமேதார் திட்டவில்லை. முழங்காலிட்டு, கூடையை எடுத்துத் தண்ணீருக்குள் இறக்கினார். பம்பு ஒருமுறை கடகடவென்று உறுமி, கருகிய வாசனையோடு இறுகி நின்றுவிட்டது. காற்றைக் குடித்தே உள்ளே வெந்துபோயிருந்தது. அவர் எழுந்து காணைக்காரரைப் பார்த்தார். எண் ஆறு கட்டளை இல்லாமல் கிணற்றை விட்டு நகரக் கூடாது, அவர் நகரவில்லை. அங்கிருந்து பார்த்தால் குடிசை வரிசை கடைசிவரை தெரிந்தது.

"போடா" என்றார் ஜமேதார். "ஓடு. ஒன் வூட்டுக்கு ஓடு."

பிறகு வாளி, வாளி என்று அவர் கத்தியதும், மக்கள் மறுபடி வரிசை பிடித்ததும், அதற்குள் காற்று எல்லாவற்றையும் முடித்துவிட்டதும் நான் விவரிக்க வேண்டியதில்லை. வரிசையில் ஒரு குடிசையும் மிஞ்சவில்லை. கிழவரை வெளியே கொண்டுவந்தார்கள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அந்தப் பழைய குழாய் தண்ணீரைத் தாங்கியிருக்குமா, கிழிந்திருக்குமா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

விசாரணைக்கு அதிகாரி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். வாக்குமூலம் எழுதுவது என் வேலை. முதலில் பதிவேட்டைப் பார்த்தார். தகவல் வந்தது, போய்ச் சேர்ந்தது, தண்ணீர் தொடங்கியது, மூன்றும் மை காயும் முன் ஒற்றியெடுத்த அழகான கையெழுத்தில் இருந்தன. அந்தப் பதிவேட்டின்படி அன்று தண்ணீர் வந்தது. பிறகு விதிப்புத்தகத்தைத் திறந்து பதினேழைப் படித்தார். இரண்டு முறை படித்தார். ஜமேதாரைப் பார்த்து, "தண்ணீர் இல்லாமலும் நடத்தலாம்னுதானே போட்டிருக்கு? நடத்தணும்னு எங்கே இருக்கு? தண்ணீர் விடக் கூடாதுன்னு உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டார்.

என் பேனா காகிதத்தின்மேல் நின்றது. ஜமேதாருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அதிகாரிக்கும் தெரியும்.

"யாரும் சொல்லலீங்க" என்றார் ஜமேதார். "நானா அப்பிடி நெனச்சிக்கினேன்."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். எழுதிக்கொள் என்பதற்கான பார்வை. வேறு பொருள் அதில் இருந்ததா என்று நான் ஆராயவில்லை. எழுதினேன். ஆட்களில் யாருடைய பிழை என்று அடுத்த கேள்வி. அதற்கும் அவர் தயங்கவில்லை. "பசங்க மேல ஒண்ணும் இல்லீங்க. நான் இன்னா சொல்லிக் குடுத்தனோ அத்த அப்பிடியே செஞ்சாங்க. அந்த ஆறாம் நெம்பரு இருக்கறானே, அவன மாதிரி ஒருத்தன் எனக்குப் பட்டாளத்துலகூட கெடச்சதில்லீங்க." அதையும் ஆங்கிலத்தில் எழுதினேன். இலக்கணம் சுத்தமாக இருந்தது. கீழே அவர் தமிழில் எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போடும்வரை காகிதத்தின் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

நான் அப்போது வாயைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிற்காலத்தில் பல முறை யோசித்திருக்கிறேன். வேலை போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். முப்பது வருடம் பலவிதமான அலுவலகங்களில் உட்கார்ந்து, எந்தத் தவறுக்கு எந்தப் பிரிவில் என்ன தண்டனை என்று மனப்பாடமாகத் தெரிந்துகொண்ட பிறகும், ஒரு சொல்லைத் தவறாகப் படித்துச் சொன்னவனுக்கு என்ன தண்டனை என்று எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. இப்போது எங்கள் தெருமுனையில் தீயணைப்பு நிலையம் ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் வேடிக்கை பார்க்கத் தண்ணீரை வானத்தில் பீய்ச்சி வீணடிக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் குறைப்பட்டுக்கொள்வார்.

ஜமேதாரை விலக்கிவிட்டார்கள். பதிவேடு ஒழுங்காக வைக்கப்பட்டிருந்ததாக என்னைப் பற்றி ஒரு வரி எழுதினார்கள். பம்பு பழுதுபார்க்கப் போய்விட்டது. ஆகவே அவர் இடத்துக்குப் புதிதாக வந்தவரும் தண்ணீர் இல்லாமலே பயிற்சி நடத்தினார். காணைக்காரர் ஒருவர் மட்டும் ஒவ்வொரு நாளும் சக்ஷன் கூடையைக் கிணற்றுக்குள் இறக்கினார். மறுமுனையில் பம்பே இல்லை. நனைந்தால் கெடும் என்று புதியவர் சொல்லிப் பார்த்தார். காணைக்காரர் மறுநாளும் இறக்கினார். பிறகு யாரும் தடுக்கவில்லை.

ஆவணியில் வேறொரு வேலையாகத் திண்டிவனம் போயிருந்தபோது, ரயிலடிக்குப் பக்கத்திலிருந்த அரிசி மில்லின் வாசலில் ஜமேதாரைப் பார்த்தேன். காவல்காரராகச் சேர்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். தோள் முன்னால் வந்தது. உட்காரச் சொல்லி, வெயில் கடுமை என்றார். மழை பிந்துகிறது என்றேன். நான் கிளம்பியபோது கேட்டார்:

"சார், நம்ம பேப்பரு வந்துதுங்களா?"

இன்னும் இல்லை என்றேன்.

"வரும்ங்க. மெதுவா வரட்டும். பசங்களுக்கு ஆவும்." பிறகு, "ஆறாம் நெம்பரு எப்பிடி இருக்கறான்?" என்றார். நன்றாக இருக்கிறார் என்றேன். அந்தப் பொய்யை நான் வேகமாகச் சொன்னேன். மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்கு வாய்க்கவில்லை. வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன். வண்டிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

பதில் வந்தபோது அடைமழை. கொட்டகை முற்றத்தில் முழங்கால் அளவு தண்ணீர். தபால்காரர் உறையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்து கொடுத்தார். பிரித்தேன். எங்கள் கடிதத்தின் முதல் பத்தி தனியாகப் பரிசீலனையில் இருப்பதாகவும், இரண்டாம் பத்தியில் கோரியபடி தண்ணீருடன் பயிற்சி நடத்த அனுமதி அளிக்கப்படுவதாகவும், தண்ணீர் வீணாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் இருந்தது. திண்டிவனத்து மில்லில் இருந்த ஜமேதாருக்கு ஒரு தபால் அட்டை எழுதிப் போட்டிருக்கலாம். எழுதவில்லை. வழக்கம்போல 'பெறப்பட்டது' என்ற முத்திரையைக் குத்தி, அதன் கீழே கையால் தேதியை எழுதினேன்: அக்டோபர் இருபத்தேழு, புதன்கிழமை.